ஊரைக் கேட்டபின் பாடம்

நோயாளியின் நாடியைப் பிடித்துப் பாராமலும், அவர் படும் துன்பம் யாதென வினவாமலும், வாயிற்படியில் நின்றவாறே மருந்துப் பொட்டலத்தை நீட்டும் மருத்துவர் ஒருவரை நீங்கள் கண்டதுண்டோ? அத்தகையவர் எத்துணைப் பெரிய நூல்களைக் கற்றவராயினும் அவர் தரும் மருந்தை உண்ண நாம் அஞ்சுவோம். மருந்து நல்லதாகவே இருக்கலாம். ஆனால், அது நம் நோய்க்கு உரியதுதானா என்பதை அவர் அறியாரன்றோ? கல்விக்கும் இவ்வுண்மை பொருந்தும். சிறப்பாக, உழவர்க்கு உழவைப் பற்றிக் கற்பிக்கப் புகும் கல்விக்கு இது பெரிதும் பொருந்தும்.

வேளாண் கல்வி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன பெரிய கல்லூரிகளே. நம் நாட்டில் அக்கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1868ஆம் ஆண்டில் ஒரு வேளாண் பள்ளி தோன்றியது. பின்னர் அது 1906ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றுக் கல்லூரியாக வளர்ந்தது. 1971ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கே பயில்வோர் இளைஞர். அவர்க்குப் பாடத்திட்டம் உண்டு. தேர்வும் பட்டமும் உண்டு. ஆனால், இஃதன்றி வேறொரு வேளாண் கல்வியும் உண்டு. அதனைப் பயில்வோர், ஏர் பிடித்துக் கை காய்த்த உழவரும், நாற்று நட்டு முதுகு வளைந்த பெண்டிருமே ஆவர். அவர்க்கு வகுப்பறை வயல்வரப்பு. பாடவேளை, வேலை ஓய்ந்த நேரம். ஒரு நாளோ இரு நாளோ நடைபெறும் பயிற்சிகளும், வயலிலேயே செய்து காட்டும் செயல்விளக்கங்களும் அக்கல்வியின் பகுதிகள். அக்கல்விக்குப் பாடத்திட்டம் வகுப்பவர் யார்? எதனைக் கொண்டு வகுப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் மாநிலத்தை ஒருமுறை மனக்கண்ணால் சுற்றி வாருங்கள். காவிரிப் பாசனப் பகுதியில், மேட்டூர் அணை சூன் 12ஆம் நாள் திறக்கப்பெறுமா என்று எதிர்நோக்கிக் குறுவைக்கு நாற்றங்கால் அமைப்பர். பின்னர்ச் சம்பாவும் தாளடியும் வரும். இராமநாதபுரத்து உழவரோ வானத்தை நோக்கி மானாவாரி நெல்லையும் முண்டு மிளகாயையும் பயிரிடுவர். ஈரோட்டுப் பகுதியில் மஞ்சள் விளையும். நீலகிரியில் தேயிலையும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும். மண் வேறு, நீர் வேறு, விளைபொருள் வேறு, அதனை விற்கும் சந்தையும் வேறு. மாவட்டந்தோறும் வேற்றுமை இருப்பது போகட்டும். ஓர் ஊரிலேயே ஆற்றங்கரை வயலுக்கும் கடைமடை வயலுக்கும் எத்துணை வேற்றுமை! சொந்த நிலம் உழுவோர்க்கும், குத்தகைக்கு உழுவோர்க்கும், கூலிக்கு உழைப்போர்க்கும் உள்ள வேற்றுமையோ அதனினும் பெரிது. இவர்கள் அனைவர்க்கும் ஒரே பாடத்தை, ஒரே நாளில், ஒரே இடத்தில் ஓதினால் அது யாருக்குப் பயன்படும்? ஆகவே, பாடம் வகுக்கும் முன்னர் ஊரைக் கேட்டல் வேண்டும்.

ஊரைக் கேட்பது எளிதன்றோ என்று நீங்கள் எண்ணலாம். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அது பற்றிய என் பட்டறிவைக் கூறுகின்றேன்.

1985ஆம் ஆண்டளவில், தமிழாசிரியராகப் பணியேற்ற புதிதில், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் யான் வாழ்ந்து வந்தேன். அவ்வூரில் உழவர்க்கு ஒரு பயிற்சி நடத்த முன்வந்தவர்கள், ஊராருக்குத் தேவை யாதெனக் கேட்டு எழுதித் தருமாறு என்னை வேண்டினர். எழுதத் தெரிந்தவன் என்னும் பெருமிதத்தோடு யானும் இசைந்தேன். தமுக்கடித்து அறிவித்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூட்டினேன். நிலமுடைய பெரியவர்கள் பன்னிருவர் வந்திருந்தனர். ‘விதைநெல்லில் அந்து விழுகின்றது, முளைப்பும் குறைகின்றது, அதனைத் தடுக்கும் வழியைச் சொல்லித் தந்தால் நலமாயிருக்கும்’ என்று அனைவரும் ஒருமுகமாகக் கூறினர். யான் அதனை நல்ல தமிழில் எழுதி அனுப்பினேன். பயிற்சியும் நடைபெற்றது. அறிஞர் ஒருவர் வந்து காலை பத்து மணிக்கு அதே மண்டபத்தில் தெளிவாக உரையாற்றினார். பெரியவர்கள் தலையசைத்துக் கேட்டனர். கூட்டம் இனிதே முடிந்தது.

மறு ஆண்டும் விதைநெல்லில் அந்து விழுந்தது!

ஒருநாள் காலையில் முதியவள் ஒருத்தி தன் பேரனைப் பள்ளியில் விட வந்தாள். வயலில் நடவும் களையெடுப்பும் செய்து பிழைப்பவள் அவள். அந்து விழுந்த செய்தியைக் குறித்து யான் யாரிடமோ வருந்திப் பேசிக்கொண்டிருந்தது அவள் செவியில் விழுந்தது. அவள் சற்றுத் தயங்கி நின்று, “ஐயா, தவறாக எண்ண வேண்டாம். விதைநெல்லைக் காய வைப்பது நாங்கள். தூற்றிக் கோட்டை கட்டுவதும் நாங்கள். பாடம் கேட்டவர்களோ அவர்கள். அந்து எப்படி ஐயா போகும்?” என்றாள்.

அச்சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. தேவை யாதென்பதை யான் சரியாகவே எழுதியிருந்தேன். ஆனால், அத்தொழிலைத் தம் கையால் செய்பவர் யாரென்று கேட்டேனில்லை. கூலிக்கு உழைப்போர் அம்மண்டபத்தின் படியேறி அமர்வது அவ்வூரில் அந்நாளில் வழக்கமில்லை. அஃது எனக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும் அவ்விடத்திலேயே கூட்டத்தைக் கூட்டினேன். பெண்டிர் வயலில் குனிந்து நிற்கும் காலைப் பத்து மணிக்குப் பாடத்தை வைத்ததும் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. யான் ஊரைக் கேட்கவில்லை. ஊரில் பன்னிருவரைக் கேட்டு, அதனை ஊரின் குரல் என்று எழுதிவிட்டேன்.

மாணவர்களே, இப்பிழை என் ஒருவனுடையது மட்டுமன்று; ஒரு நாடே இப்பிழையைச் செய்து, பின்னர் உணர்ந்ததுண்டு. விடுதலைக்குப்பின், 1948ஆம் ஆண்டில், உத்தரப்பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் சிற்றூர் மேம்பாட்டு முயற்சி ஒன்று தொடங்கியது. ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அதற்கு வழிகாட்டினார். அதன் பயனைக் கண்டு ஊக்கமுற்ற நம் அரசு, 1952ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2ஆம் நாளில், 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாளில் தேசிய விரிவுப் பணித் திட்டமும் தோன்றியது. ஏறத்தாழப் பத்து ஊர்களுக்கு ஒருவராகக் கிராம சேவகர் அமர்த்தப்பெற்றனர். நல்ல விதையையும் உரத்தையும் பற்றி அவர்கள் ஊர்தோறும் சென்று எடுத்துரைத்தனர். அப்பணி பாராட்டுதற்குரியதே. எனினும், 1957ஆம் ஆண்டில் அத்திட்டத்தை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு ஒரு குறையைக் கண்டது. திட்டம் மக்களுக்காக நடந்ததே ஒழிய, அதில் மக்களின் முனைப்பு எழவில்லை என்பதே அக்குறை. அதனைப் போக்க, மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஊராட்சி அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என அக்குழு கூறியது. மேலிருந்து வரும் பாடம் எத்துணை நல்லதாயினும், கீழிருந்து எழும் வினாவைச் சந்திக்கவில்லையெனில் அது வேர் கொள்ளாது என்பதனை நாடு அன்று கற்றது.

அவ்வாறாயின் ஊரைக் கேட்பது எங்ஙனம்? அதற்கும் முறைகள் உண்டு. 1980களின் இறுதியில் இந்தியச் சிற்றூர்களில் பணியாற்றிய தொண்டு நிறுவனங்கள் சில, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பங்குகொள்ளத்தக்க எளிய முறைகளை வளர்த்தன. இராபர்ட் சேம்பர்சு என்னும் ஆங்கில அறிஞர் அவற்றைத் தம் நூல்களில் விளக்கி உலகறியச் செய்தார். அம்முறைகளுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, ஊரோடு நடத்தல். கேட்க வந்தவர் நாற்காலியில் அமராமல், ஊரார் சிலரோடு ஏரிக்கரையிலிருந்து கடைமடை வரையில் நடந்து செல்வார். நடக்கும்போதே மண்ணின் நிறம் மாறுவதும், வாய்க்கால் தூர்ந்திருப்பதும், ஒரு வயல் தரிசாய்க் கிடப்பதும் கண்ணில் படும். “இவ்வயல் ஏன் தரிசாய்க் கிடக்கின்றது?” என்று ஒரு வினா எழுப்பினால், அரங்கத்தில் அமர்ந்து ஒரு நாள் முழுதும் கேட்டாலும் வாராத செய்திகள் வந்துவிடும்.

இரண்டாவது, தரையில் ஊரை வரைதல். கோலமாவும், செங்கற்பொடியும், இலையும், கூழாங்கல்லும் கொண்டு ஊரார் தம் ஊரைத் தாமே தெருவில் வரைவர். குளம் எங்கே, கிணறுகள் எவை, எவற்றில் நீர் உப்பாயிற்று, நெற்களம் எங்கே என்பன அப்படத்தில் தோன்றும். தாளும் எழுதுகோலும் கற்றவர் கையில் மட்டுமே இயங்கும். கோலமாவோ நம் தாய்மார் கையில் நாள்தோறும் இயங்குவது. ஆகவே, கூட்டத்தில் வாய் திறவாத பெண்டிரும் இங்கே முன்வந்து, “அக்கிணறு அங்கேயன்று, இங்கே” என்று திருத்துவர். ஒருவர் வரைந்ததைப் பலர் திருத்தும்போது உண்மை தானே வெளிப்படும்.

மூன்றாவது, பருவ அட்டவணை. சித்திரை முதல் பங்குனி ஈறாகப் பன்னிரண்டு கட்டங்களைத் தரையில் வரைந்து, எந்தத் திங்களில் வேலை மிகுதி, எதில் ஓய்வு, எப்போது பூச்சி வரும், எப்போது கடன் வாங்க நேரும் என்பனவற்றை விதைகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்துக் காட்டுவர். எந்தப் பாடத்தை எந்தத் திங்களில் நடத்தலாம் என்பதனை இவ்வட்டவணை ஐயமின்றிக் காட்டிவிடும். விதை சேமிக்கும் பாடத்தை அறுவடைக்குச் சற்று முன்னர் நடத்தினால் அது கைக்கு வரும். நடவு வேளையில் நடத்தினால் காதோடு போகும்.

நான்காவது, புளியங்கொட்டை இட்டு வரிசைப்படுத்தல். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். ஓர் ஊரில் எலித் தொல்லை, விதைநெல் கெடுதல், கறவை மாட்டு நோய், களர் நிலம் என நான்கு இடர்கள் கூறப்பெற்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றிற்கும் ஓர் அடையாளப்பொருளைத் தரையில் வைப்பர். வந்திருப்போர் ஒவ்வொருவர்க்கும் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, எது தம்மைப் பெரிதும் வருத்துகின்றதோ அதற்கு மிகுதியாகவும் ஏனையவற்றிற்குக் குறைவாகவும் இடச் சொல்வர். உரத்த குரலுடையவர்க்கும் பத்துக் கொட்டைகளே. வாய் பேசாதவர்க்கும் பத்துக் கொட்டைகளே. ஆடவர்க்குத் தனியாகவும் பெண்டிர்க்குத் தனியாகவும், நிலமுடையார்க்குத் தனியாகவும் நிலமில்லார்க்குத் தனியாகவும் இதனைச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரே ஊருக்குள் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது விளங்கும்.

முறைகள் இருந்தால் மட்டும் போதா; கேட்பவர் மனத்தில் கொள்ளவேண்டிய சில நெறிகளும் உண்டு. கேட்கும் இடம் எல்லாரும் அச்சமின்றி வந்து அமரும் இடமாதல் வேண்டும். கேட்கும் நேரம் உழைப்போர்க்கு ஏற்ற நேரமாதல் வேண்டும். “காளான் வளர்ப்புப் பயிற்சி வேண்டுமா?” என்று கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று பலரும் “வேண்டும்” என்றே கூறிவிடுவர், “சென்ற ஆண்டு உங்கள் வயலில் எது உங்களை வருத்தியது?” என்று கேட்டால் உண்மை வரும். ஓர் இடரைக் கேட்டறிந்ததும், அத்தொழிலைச் செய்வோர் யார் என்பதனையும் உடன் கேட்டல் வேண்டும். கேட்டவற்றை எழுதி எடுத்துக்கொண்டு போய்விடாமல், மீண்டும் ஊராரிடம் படித்துக் காட்டி, “நீங்கள் கூறியது இதுதானா?” என்று உறுதி செய்தல் வேண்டும்.

மற்றொரு பகுப்பும் இன்றியமையாதது. ஊரார் கூறும் இடர்கள் அனைத்தும் பாடத்தால் தீர்வன அல்ல. வாய்க்கால் தூர்ந்திருந்தால் வேண்டுவது தூர்வாருதல். விலை வீழ்ந்தால் வேண்டுவது நல்ல சந்தை. அறியாமையால் வரும் இடரைக் கல்வி தீர்க்கும். இல்லாமையால் வரும் இடரைக் கல்வி மட்டும் தீர்க்காது. இதனைப் பகுத்தறியாது, நீரில்லாத ஊரில் நீர்ப்பாசனம் பற்றி உரையாற்றுவது பசித்தவனுக்குச் சமையற்குறிப்பைப் படித்துக் காட்டுவது போலாகும்.

“உழவர் கேட்பதையெல்லாம் அப்படியே கற்பித்துவிட்டால் போதுமா? அவர் அறியாதன இருக்குமன்றோ?” என்று ஒருவர் வினவலாம். நல்ல வினாவே. ஒருவர் தாம் காணாத ஒன்றைக் கேட்க மாட்டார். மண்ணில் எச்சத்து குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது; மண் ஆய்வு செய்தே அறிதல் வேண்டும். ஆகவே, ஊரார் அறிந்ததை அறிஞரும், அறிஞர் அறிந்ததை ஊராரும் பெற்றுக்கொள்ளும் பண்டமாற்றே சிறந்த வேளாண் கல்வியாகும். இதற்கு இந்தோனேசிய நாட்டில் நடந்த ஒரு முயற்சி நல்ல சான்று.

1970களிலும் 1980களிலும் அந்நாட்டு நெல்வயல்களைப் புகையான் என்னும் சிறு பூச்சி பாழாக்கியது. பூச்சிக்கொல்லியை எத்துணை தெளித்தும் பூச்சி பெருகியதே ஒழியக் குறையவில்லை. காரணம் யாது? புகையானைத் தின்று வாழும் சிலந்தி முதலிய நல்லுயிர்களையும் அம்மருந்து கொன்றுவிட்டது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகளை நெல்வயலில் தெளித்தலாகாது எனத் தடை செய்தது. ஆனால், ஆணையிட்டால் மட்டும் போதுமா? உழவர் தம் வயலைத் தாமே ஆராய்ந்து அறிய வேண்டாமா? அதற்காக, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 1989ஆம் ஆண்டு முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கப்பெற்றன.

அப்பள்ளியில் ஏறத்தாழ 25 உழவர், ஒரு பயிர்ப்பருவம் முழுதும், வாரம் ஒருநாள் காலையில் வயலருகே கூடுவர். முதல் நாளில் அவர்க்கு ஒரு தேர்வு வைப்பர். ‘உழவர்க்குத் தேர்வா!’ என்று வியவாதீர். அஃது அவர்தம் அறிவை அளந்து மதிப்பெண் இடுவதற்கன்று. பாடத்தை எங்கே தொடங்குவது என ஆசிரியர் அறிந்துகொள்வதற்கே. வயலில் இங்கும் அங்குமாகப் பலகைகளை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வினாவை எழுதி, அருகே உண்மையான பூச்சியையோ நோயுற்ற இலையையோ கட்டி வைத்திருப்பர். ‘இப்பூச்சி பயிருக்குப் பகையா, நட்பா?’ என்பது போன்ற வினாவிற்குரிய விடைகளாகச் சிறு பெட்டிகள் இருக்கும். உழவர் தம் சீட்டினை, தாம் சரியெனக் கருதும் பெட்டியில் இடுவர். பெட்டிகளைத் திறந்து எண்ணிப் பார்த்தால், இவ்வுழவர் அறிந்தது எது, அறியாதது எது என்பது தெரிந்துவிடும். அதற்கேற்பப் பாடம் அமையும்.

பின்னர் வாரந்தோறும் உழவர் ஐவர் ஐவராகப் பிரிந்து வயலில் இறங்குவர். பயிரின் உயரத்தையும், பூச்சிகளின் எண்ணிக்கையையும், நீரின் அளவையும் குறித்துக்கொண்டு கரையேறுவர். தாம் கண்டதைப் பெரிய தாளில் படமாக வரைந்து, இவ்வாரம் யாது செய்யலாம் எனத் தமக்குள் வாதிட்டு முடிவு செய்வர். ஆசிரியர் விடை கூறார், “நீங்கள் கண்டது யாது?” என்று மீண்டும் வினவுவார். அப்பள்ளியில் பயின்ற உழவர் பலர் பின்னர்த் தாமே பிற உழவர்க்குப் பயிற்றுநர் ஆயினர். இம்முறை இந்தியா முதலிய பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டிலும் இதற்குரிய வாயில்கள் திறந்தே இருக்கின்றன. 1974ஆம் ஆண்டில் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பெற்றது. இன்று நாடெங்கும் 700க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. அந்நிலையத்தின் ஆண்டுப் பணிகளை ஆராயும் ஆலோசனைக் குழுவில் உழவர் சார்பாளர்க்கும் இடமுண்டு. வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை என்னும் அமைப்பு 1998ஆம் ஆண்டில் சில மாநிலங்களில் முன்னோடியாகத் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அதன்கீழ் வட்டாரந்தோறும் உழவர் ஆலோசனைக் குழு உண்டு. எப்பயிற்சி வேண்டும் என்பதனை அக்குழு எடுத்துரைக்கலாம். அம்முகமையின் நிதியில் 30 விழுக்காடேனும் பெண் உழவர்க்குச் செலவிடப்படல் வேண்டும் என்பது அதன் நெறிமுறை. மாவட்டத் தலைநகரில் ஆட்சியர் தலைமையில் நடைபெறும் உழவர் குறைதீர்க்கும் நாள் கூட்டமும், சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் ஊர்தோறும் கூடும் கிராம சபையும் உண்டு. வாயில் திறந்திருப்பது வேறு. அதனுள் எல்லாரும் நுழைவது வேறு. கடைசித் தெருவில் வாழ்பவரும் வந்து பேசும் நாளில்தான் அவ்வாயில் முழுதும் திறந்ததாகும்.

இனி, அந்துப்பூச்சியின் கதை என்னாயிற்று என்று அறிய நீங்கள் விழைவீர்கள். அம்முதியவள் கூறிய சொல்லைக் கேட்டபின், யான் ஒரு மாலைப் பொழுதில் அவள் வாழும் தெருவிற்குச் சென்று, வாசலில் விரித்த பாயில் அவர்களோடு அமர்ந்தேன். பெண்டிர் இருபதின்மர்க்குமேல் கூடினர். மண்டபத்தில் ஒருவரும் கூறாத மூன்று செய்திகள் அன்று வெளிவந்தன. ஊருக்கு இருந்தது ஒரே களம். அடுத்தவர் நெல் வந்துவிடும் என்பதால் விதைநெல்லை ஒரு நாள் வெயிலிலேயே வாரிக் கட்டினர். பழைய நாளில் கோட்டையினுள் இட்ட நொச்சித்தழை, வாய்க்கால் கரைப் புதர்களை வெட்டியபின் கிடைப்பதில்லை. பல வயல் நெல்லும் களத்தில் கலந்துவிடுவதால் விதைக்கென்று தனியே பிரிக்க முடிவதில்லை. இவற்றுள் முதலாவது இல்லாமையால் வந்தது. அதற்கு ஊராட்சியிடம் மற்றொரு களம் கேட்டு விண்ணப்பம் எழுதினோம். ஏனையவற்றிற்குப் பாடம் வேண்டினோம்.

அறுவடைக்குச் சற்று முன்னர், ஒரு மாலையில், களத்துமேட்டிலேயே பாடம் நடந்தது. முன்பு வந்த அறிஞரே வந்தார். விதைநெல்லின் ஈரம் நூற்றுக்குப் 13 பங்கிற்கு மேற்படாதவாறு காய வைத்தல் வேண்டும் என்றார். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த நீரில் நெல்லை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதைக் கழுவி எடுத்து விதைக்கக் காட்டினார். நூறு மணிகளை ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்து, 80 மணிகளேனும் முளைத்தால்தான் அது விதை என்றார். அப்போது அம்முதியவள் ஒரு நெல்லை எடுத்துப் பல்லிடையே வைத்துக் கடித்தாள். ‘நறுக்’ என ஒலி எழுந்தது. “இந்த ஒலி கேட்டால் காய்ந்தது என்போம் ஐயா, நீங்கள் சொல்லும் கணக்கு இதுதானா?” என்றாள். அறிஞர் வியந்து, தாம் கொண்டுவந்த கருவியால் அந்நெல்லின் ஈரத்தை அளந்து பார்த்துவிட்டு, “அம்மா, உங்கள் பல்லும் என் கருவியும் ஒன்றையே சொல்கின்றன” என்றார். அன்று களத்துமேட்டில் எழுந்த சிரிப்பொலி இன்றும் என் செவியில் இருக்கின்றது. அடுத்த ஆண்டில் அந்து முற்றும் ஒழிந்தது என்று கூறேன். ஆனால், பல வீடுகளில் விதைநெல் கெடாது முளைத்தது. வாய்க்கால் கரையில் நொச்சியும் மீண்டும் தழைத்தது. இரண்டாவது களம் வருவதற்கோ மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின.

மாணவர்களே, உங்களுள் பலர் உழவர் குடியில் பிறந்தவர்கள். ஏனையோரும் உழவர் விளைத்ததை உண்டு வளர்பவர்களே. நாளை உங்களுள் சிலர் வேளாண் அலுவலராகலாம், சிலர் ஆசிரியராகலாம், சிலர் ஊராட்சித் தலைவராகலாம். அன்று நீங்கள் பிறர்க்கு ஒன்றைக் கற்பிக்கப் புகுமுன், அவரைக் கேளுங்கள். மண்டபத்தில் இருப்போரை மட்டுமன்றி, மண்டபத்திற்கு வாராதவரையும் தேடிச் சென்று கேளுங்கள். அதற்கு இன்றே பழகலாம். இவ்விடுமுறையில் உங்கள் ஊரிலோ, உறவினர் ஊரிலோ வயலில் உழைக்கும் ஒருவரிடம் சென்று, “சென்ற ஆண்டு உங்களை வருத்தியது எது? அதனைப் பற்றி நீங்கள் அறிய விரும்புவது யாது?” என்று வினவி, அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதி வாருங்கள். எழுதியதை அவரிடமே படித்துக் காட்ட மறவாதீர்கள்.